கொக்கி இல்லாத மாமா

குழந்தைகளின் படப் புத்தகத்துக்காக முடிதிருத்துபவர் மாதிரி நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்று சரிபார்ப்பாளரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். சண்டைக்கு வந்துவிடுவார். ஏழு மாதத்தில் அவருக்குக் கிடைத்த வேலை என்று வெளியில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

சரிபார்ப்பாளர் என்பது பழைய வேலையின் பெயர். வேலை போன பிறகும் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் பதினாறு வருஷம், வலது கைப்பக்கம் ஒரு படிவம், இடது கைப்பக்கம் ஒரு படிவம், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து மூலையில் ஒரு டிக் போடுவார். அவர் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு எழுத்துகூடத் தப்பாகப் போனது கிடையாது. பிறகு அந்தக் கிளையையே மூடிவிட்டார்கள். மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல ஒரு குறையும் இல்ல" என்றார். குறையே இல்லாத ஆளை எதற்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் மனைவி ஓவியர். 'யார் என்ன வேலை செய்கிறார்?' என்று சின்னக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம். பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு வேலை. இது சரியாக வந்தால் இதே வரிசையில் இன்னும் மூன்று புத்தகங்கள் அவளுக்குத்தான் என்று பதிப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். செவிலி, தபால்காரி, கொத்து வேலைக்காரி என்று எட்டுப் பக்கத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்களை நிற்கவைத்து வரைந்து முடித்தாள். மீதி நான்கும் ஆண்கள். "நீங்க சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் வந்து நில்லுங்க" என்றாள். அந்தச் 'சும்மா' சுருக்கென்று குத்தியது. ஆனாலும் போய் நின்றார்.

வெறுமனே நிற்கவில்லை. நிற்பதிலும் சரிபார்ப்பாளர் சரிபார்ப்பாளர்தான். தெருமுனை முடிதிருத்தும் கடைக்கு மனைவியோடு போய், கத்தரியில் எந்த விரல் எந்த வளையத்துக்குள் போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நின்றார். ரொட்டிக் கடை அடுப்பின் முன்னால், ரொட்டியை உள்ளே தள்ளுகிற நீளக் கட்டையைப் பிடித்து நின்றார். குழாய் ரிப்பேர்க்காரர் வேலை பார்த்த வீட்டில் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். பணிமனையில் நின்ற பஸ்ஸில் ஏறி, ஓட்டுநர் பக்கத்தில் நின்று திட்டத் திட்ட ஸ்டியரிங்கைப் பிடித்தார். மனைவி ஓரமாக உட்கார்ந்து வரைந்தாள். முகத்தை மட்டும் மாற்றினாள். ஒருவருக்கு மீசை, ஒருவருக்குத் தாடி, ஒருவருக்கு வழுக்கை, ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி.

போன இடத்துக்கெல்லாம் அவருடைய பழைய அலுவலகப் பையும் கூடப் போனது. ஜிப் போய் ஊக்குக் குத்திய பழுப்புப் பை. உள்ளே சான்றிதழ்களின் நகல், ஒரு குடை, வேறொன்றும் இல்லை. எங்கே போனாலும் அதை ஏதாவது ஒரு நாற்காலியில், பஸ்ஸென்றால் சீட்டில், வைத்துவிட்டுத்தான் நிற்பார். "இது என்ன, உங்ககூடப் பொறந்ததா?" என்று மனைவி கேலி செய்வாள். ஆனால் பக்கத்தின் இடது ஓரத்துக்கு ஒரு பழுப்பு நிறம் தேவைப்பட்டதால் நான்கு படத்திலும் அதையும் சேர்த்தே வரைந்துவிட்டாள். பதிப்பாளருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாலு பக்கத்திலும் ஒரே பை, குழந்தைகள் தேடி விளையாடட்டும் என்று பாராட்டினார்.

அந்தப் பதிப்பாளர் அம்மாளை எல்லோரும் சிவப்பு மை என்பார்கள். நேரில் அல்ல, முதுகுக்குப் பின்னால். எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போகுமுன் ஒரு குறிப்பிட்ட மழலையர் பள்ளியில் நான்கு வயது வகுப்புக்குப் படங்களை மட்டும் காட்டுவது அவர் வழக்கம். எழுத்து இருக்காது. டீச்சர் அறையில் இருக்கக் கூடாது, பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்து பதில் சொல்லிவிடுமாம். "நாலு வயசுக்குப் புரியலைன்னா அது படமே இல்ல" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

திங்கட்கிழமை அந்தச் சோதனை நடந்தது. சரிபார்ப்பாளர் மனைவியோடு படங்களைச் சுமந்துகொண்டு போய், கதவோரமாக நின்று பார்த்தார். செவிலிப் படத்தைக் காட்டியதும் பதினெட்டுப் பிள்ளைகளும் "ஊசி" என்று கத்தின. தபால்காரிக்கு "லெட்டர்". கொத்து வேலைக்காரிக்கு "வீடு கட்டறாங்க". பிறகு முடிதிருத்துபவர் வந்தார். அறை அமைதியாகிவிட்டது.

"இவர் என்ன செய்யறாரு?" என்று சிவப்பு மை கேட்டார்.

ஒரு பையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "இந்த மாமா புதுசு."

"அழுவாரு" என்றது இன்னொன்று.

ரொட்டிக்காரர் வந்தார். "இவரும் புதுசு." குழாய்க்காரர், பஸ் ஓட்டுநர், இருவருக்கும் அதே தீர்ப்பு. பஸ் ஓட்டுநரைப் பார்த்து ஒரு பெண் குழந்தை பரிதாபமாக, "இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காரு" என்றது. சிவப்பு மை நான்கு படங்களின் பின்னாலும் ஒவ்வொரு கேள்விக்குறி போட்டார். வெள்ளிக்கிழமை வரை நேரம் தருவதாகவும், அதற்குள் சரியாகவில்லை என்றால் இந்த நான்கு பக்கமும் வேறு ஓவியரிடம் போகும், அடுத்த மூன்று புத்தகமும் கூடவே போகும் என்றும் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். "புதுசுன்னா என்ன அர்த்தம்? எதைப் பார்த்து சொல்லுதுங்க?"

சரிபார்ப்பாளர் நடையை எட்டிப் போட்டார். ஏனென்றால் உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் நம்பினார்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பார்சல் கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்தது. ஒரே ஒரு நாள் போனார். ஓடும் பட்டையில் பார்சல்கள் வந்துகொண்டே இருக்கும், வட்டார எண்ணைப் பார்த்துச் சரியான கூண்டில் போட வேண்டும். பதினாறு வருஷத்தில் எந்தப் படிவமும் அவர் முன்னால் ஓடியதில்லை. பையை ஒரு முக்காலியில் வைத்துவிட்டு நின்றவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்தாறுக்குப் போக வேண்டிய நாற்பது பார்சலை அறுபத்து மூன்றில் போட்டுவிட்டார். மேற்பார்வை பார்த்த அம்மாள் திட்டக்கூட இல்லை. "முதல் நாள்தானே, நாளைக்குப் பழகிடும்" என்றார். திட்டியிருந்தால் மறுநாள் போயிருப்பார். போகவில்லை. மனைவியிடம், அந்த வேலையே ரத்தாகிவிட்டது என்று பூசி மெழுகிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை படங்களை எடுத்துக்கொண்டு நான்கு தொழில்காரர்களிடமும் போனார். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. முடிதிருத்துபவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கத்தரி சரி, சீப்பு சரி, துணி மடித்துப் போட்டிருப்பதுகூடச் சரி என்றார். "ஆனா அந்த ரொட்டிக்காரர் படத்துல ஏதோ கோளாறு இருக்கு." ரொட்டிக் கடைக்குப் போனால் அவர் தன் படத்தில் ஒரு குறையும் இல்லை என்றும், அந்த முடி வெட்டுகிற ஆள்தான் சரியில்லை என்றும் சொன்னார். குழாய்க்காரர் ஸ்பானரை இன்னும் கொஞ்சம் கீழே பிடிக்கலாம் என்றார். பஸ் ஓட்டுநர் தான் இவ்வளவு ஒல்லி இல்லை என்று கோபித்துக்கொண்டார். சரிபார்ப்பாளருக்கு மண்டை காய்ந்துவிட்டது. எல்லாம் ஒத்துப்போகிறது, டிக் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனாலும் தப்பு.

மனைவி நான்கு முகத்திலும் சிரிப்பை வரைந்தாள். பஸ் ஓட்டுநருக்குத் தலையை நரைக்க வைத்தாள், அனுபவசாலி மாதிரித் தெரியட்டும் என்று. புதன்கிழமை மறுபடியும் போனார்கள்.

"சிரிக்கிறாரு" என்றன பிள்ளைகள். சிவப்பு மை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம் அழுவாரு."

பஸ் ஓட்டுநர் வந்தார். "தாத்தா."

"என்ன வேலை பார்க்கிற தாத்தா?"

"புதுத் தாத்தா."

அன்று சாயங்காலம் இருவரும் சாப்பாட்டு மேஜையில் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார்கள். கடைசியில் அவரே வாயைத் திறந்தார். "என் மூஞ்சிதான் கோளாறு. வேற ஆளை வெச்சு வரைஞ்சிடு."

அவள் உடனே மறுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தூரிகையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "நானும் அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல ஒரு குறையும் இல்ல."

மேலாளரும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார், ஒரு எழுத்துப் பிசகவில்லை. சரிபார்ப்பாளர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். படத்தில் நிற்கிற வேலையும் போயிற்று. அவருக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை முழுக்க அவள் கடை கடையாக அலைந்து, நான்கு தொழில்காரர்களின் முகத்தையும் நேரில் பார்த்துப் பழைய படங்களின் மேலேயே மாற்றி வரைந்தாள். இப்போது கத்தரி பிடித்திருந்தது இருபத்தைந்து வருஷம் முடி வெட்டியவரின் முகம். அடுப்பின் முன்னால் அசல் ரொட்டிக்காரர். இதற்கு மேல் யாரும் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை சரிபார்ப்பாளர் படங்களைத் தூக்கிக்கொண்டு போனது சுமைகூலியாக மட்டும்தான். உள்ளே வர மனசில்லாமல் வகுப்புக்கு வெளியே நடைவழியில் இருந்த குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டி தாடையை இடித்தது. பையைப் பக்கத்திலிருந்த சின்ன நாற்காலியில் வைத்தார். கதவு வழியாகச் சிவப்பு மையின் குரல் கேட்டது.

"இவர் என்ன செய்யறாரு?"

"இந்த மாமா புதுசு."

சரிபார்ப்பாளர் காதைத் தீட்டிக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் முடி வெட்டுகிறவர் புதுசா? அப்படியென்றால் தப்பு தன் மூஞ்சியில் இல்லை. மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, மனைவியின் நிலைமை ஞாபகம் வந்ததும் அது வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது. மூஞ்சி இல்லை என்றால் வேறு எது? அவருக்கு முன்னைவிட அதிகமாகக் குழம்பியது.

கதவு திறந்து ஒரு குழந்தை வெளியே வந்தது. உச்சியில் குடுமி மாதிரி முடியை முடிந்திருந்தார்கள், அதனால் குடுமி என்றே வைத்துக்கொள்வோம். கை கழுவப் போன குடுமி, அவரையும் அவர் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்றது.

"நீங்களும் புதுசா?"

"நானா? இல்லம்மா. நான் படத்தைத் தூக்கிட்டு வந்தவன்."

"பை நாற்காலில இருக்கே."

"இருந்தா?"

"அப்போ புதுசு" என்றது குடுமி.

அவர் தன் பையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, மேலதிகாரியிடம் கேட்கிற மரியாதையோடு, "ஏம்மா?" என்று கேட்டார்.

மந்த புத்திக்காரனுக்குப் பாடம் எடுக்கிற பொறுமையோடு குடுமி சுவரைக் காட்டியது. வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே எழுத்துக்குப் பதிலாக ஒரு படம் ஒட்டியிருந்தது, வாத்து, கரண்டி, நிலா, குடை. ஒவ்வொன்றிலும் ஒரு பை தொங்கியது. "குடைதான் என் கொக்கி. முதல் நாள் கொக்கி கிடையாது. பை டீச்சர் நாற்காலில இருக்கும். எல்லாரும் அழுவாங்க. ரெண்டாம் நாள் வந்தா கொக்கி குடுப்பாங்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா கிடையாது." குடுமி கதவைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தியது. "அந்தப் படத்து மாமாவுக்கு எங்கயுமே கொக்கி குடுக்கல. பாவம்."

சரிபார்ப்பாளருக்குச் சட்டென்று பிடிபட்டது. பை. நாலு படத்திலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்த ஊக்குக் குத்திய பை. பெரியவர்கள் நிறம் என்று பார்த்தார்கள், விளையாட்டு என்று பார்த்தார்கள், இல்லை பார்க்கவே இல்லை. தப்புக் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்தவர் நான்கு நாளாக அதைத் தோளில் மாட்டிக்கொண்டே தேடியிருக்கிறார்.

எழுந்திருக்கப் போனவரைக் குடுமி விடவில்லை. "நீங்க ரெண்டாம் நாள் போனீங்களா?"

எங்கே என்று அவர் கேட்டிருக்கலாம். படத்தைச் சொல்கிறாயா என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து அவருக்குப் பொய் வரவில்லை.

"போகல" என்றார்.

"ஏன்?"

அவர் நிமிர்ந்தார். குடுமியின் தலைக்கு மேலே, வகுப்புக் கதவில், எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லப் படங்களோடு வெளியே வந்த மனைவி நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள் என்று அவள் முகமே சொன்னது. ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை.

"பையை எடு" என்றார் அவர். "நாற்காலிலேர்ந்து எடுத்துச் செவுத்துல மாட்டு. நாலு படத்துலயும். சீக்கிரம்."

"என்ன உளர்றீங்க?"

"சொல்றதைச் செய். காரணம் அப்புறம் சொல்றேன்."

அவள் அப்படியே அந்தக் குட்டை பெஞ்சில் உட்கார்ந்து, கூடவே கொண்டுவந்திருந்த சாயப் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சாயத்தைப் பிதுக்கினாள். நாற்காலியில் இருந்த பை ஒவ்வொன்றாக மறைந்தது. ஒவ்வொரு படத்திலும் பின்சுவரில் ஒரு கொக்கி முளைத்தது, அதில் ஒரு பை தொங்கியது. பஸ்ஸுக்குச் சுவர் இல்லையே என்று ஒரு கணம் திகைத்து, ஓட்டுநர் தலைக்குப் பின்னால் இருந்த கம்பியில் மாட்டினாள். ஈரம் காய அவர் தன் சான்றிதழ் நகல்களை எடுத்து விசிறினார். ஏழு மாதத்தில் அவை உபயோகப்பட்டது அன்றுதான்.

கடைசியாக ஒரே ஒரு தடவை என்று மனைவி கெஞ்சியதும், சிவப்பு மை சலித்துக்கொண்டே மறுபடி படத்தை உயர்த்தினார். "இவர் என்ன செய்யறாரு?"

"முடி வெட்டறாரு."

"இவரு?"

"ரொட்டி சுடறாரு." "குழாய் ஒட்டறாரு." "பஸ்ஸு, பஸ்ஸு."

சிவப்பு மை படத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்னால் பார்த்தார். "அதே படம்தானேம்மா இது?" என்றார். நான்கு கேள்விக்குறியையும் அடித்துவிட்டு அவரும் கிளம்பினார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி முன்னால் நடந்தாள். சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்கு நின்றபோதுதான் கேட்டாள். "எங்க ரெண்டாம் நாள் போகல?"

அவர் சொன்னார். கூண்டு, பட்டை, நாற்பது பார்சல், முக்காலி, குடுமி சொன்ன கொக்கி, எல்லாம். விளக்கு இரண்டு முறை மாறியது, இருவரும் கடக்கவில்லை.

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "மூணு மாசம். அதுல நான் உங்களை எத்தனை தடவை உத்துப் பார்த்து வரைஞ்சிருப்பேன். நகத்தைக்கூட விடல. இதை மட்டும் எனக்குத் தெரியாம வெச்சிருந்தீங்க. நாப்பது பார்சல்தானே? நான் நாற்காலில ஒரு பையை வரைஞ்சதால நாலு பக்கம் கையை விட்டுப் போயிருக்குமே, அதுக்காக நான் நாளையிலேர்ந்து வரையாம இருந்துடுவேனா?"

"வெக்கமா இருந்துச்சு" என்றார் அவர்.

"எனக்கு மட்டும் இல்லியா?" என்றாள். பிறகு அவர் கையிலிருந்த படங்களைப் பாதி வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

மறுநாள் காலை அவர் பார்சல் கிடங்குக்குப் போனார். மேற்பார்வை அம்மாள் பட்டையை ஓட்டிவிடுவதற்கு முன்னால் கூண்டு எண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே. முப்பத்தாறு, அறுபத்து மூணு."

"நான்தாங்க."

"மூணு மாசமா எங்க போயிருந்தீங்க?"

"முடி வெட்டினேன். ரொட்டி சுட்டேன். குழாய் மாத்தினேன். பஸ்ஸும் ஓட்டினேன்" என்றார் சரிபார்ப்பாளர். "எல்லாமே ஒரு நாள்தாங்க."

கிண்டல் செய்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "இங்கயும் ஒரு நாள்தானே வந்தீங்க?"

"ஆமாங்க. இன்னிக்கு ரெண்டாம் நாள். எடம் இருந்தா."

அந்த அம்மாள் இவரை மேலும் கீழும் பார்த்தார். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பட்டையின் பொத்தானை அழுத்திவிட்டு உட்காரத் திரும்பினார். முக்காலியில் பை இருந்தது. பழக்க தோஷம், உள்ளே வந்ததுமே சரிபார்ப்பாளர் வைத்துவிட்டிருந்தார்.

"இங்க வைக்காதீங்க, இது நான் உக்கார்ற எடம்" என்று பையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார் அந்த அம்மாள். "அதோ, செவுத்துல மாட்டிட்டு வாங்க. முப்பத்தாறுக்கு வண்டி வந்துடும்."

சரிபார்ப்பாளர் சுவரருகே போனார். ஏழு கொக்கிகள், ஆறில் ஏற்கெனவே பைகள். ஏழாவது எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, கண் அப்படி நிறைந்துவிட்டது. அழுவார் என்று பிள்ளைகள் சொன்னது நடந்தே விட்டது, என்ன, ஒரு நாள் தள்ளி. கையால் துழாவிக் கண்டுபிடித்துப் பையை மாட்டினார்.